முகத்துவாரம் வெட்டிய மாரி

கார்த்திகை பிறந்து வாடைக்காற்று எழும்பினால் எங்கள் கரையில் தொழில் நின்றுவிடும். வள்ளங்களைத் தென்னைகளின் அடிக்கு இழுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆண்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தை பாதி கழியும்வரை கடல் ஒருவரையும் உள்ளே விடாது. மற்றப் பெண்களுக்கு எப்படியோ, எனக்கு அந்த இரண்டு மாதமும் பெரும் பாடு. என் கணவருக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது.

முதல் மூன்று நாளும் நன்றாக நித்திரை கொள்வார். நாலாம் நாள் விடிய எழும்பி வீட்டைச் சுற்றி நடப்பார். நடந்து நடந்து ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கழற்றத் தொடங்குவார். ஒரு வருஷம் குசினிக் கதவை இடம் மாற்றினார். அடுத்த வருஷம் அடுப்பின் முகத்தை வடக்கே திருப்பினார். அதன்பிறகு புகை முழுவதும் என் கண்ணுக்குள்தான். இடையிடையே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்க் கடலைப் பார்ப்பார். பத்து நிமிஷத்தில் திரும்பி வருவார்.

"தேத்தண்ணி இருக்கோ?"

"இப்பதானே குடிச்சனீங்கள்."

"அது அப்ப."

இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தரம். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நானும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தேன். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தவள் நான். அங்கே சிஸ்டர்மார் ரேந்தை பின்னப் பழக்கினார்கள். கொக்கி ஊசியும் வெள்ளை நூலுமாக விறாந்தையில் இருபது பெண்கள் வரிசையாக இருந்து பின்னுவோம், பாடுவோம், சிஸ்டர் அங்கால் போனால் சிரிப்போம். கலியாணம் முடித்து இந்தக் கரைக்கு வந்து அப்போது பன்னிரண்டு வருஷம். மீன் வெட்டவும் கருவாடு காயவைக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் நேரம் போனது தெரியவில்லை. மாரியில்தான் தெரியும். வெளியே மழை, உள்ளே ஈரத் துணி நாற்றம், மூன்று பிள்ளைகள், நடந்துகொண்டே இருக்கும் ஒரு மனிதர். கதவைத் திறந்துகொண்டு எங்கேயாவது போய்விட்டால் என்ன என்று இருக்கும். போக இடமில்லை.

நான் சொல்ல வருவது அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரியை. மூத்தவளுக்கு அப்போது பதினொரு வயது, இரண்டாமவளுக்கு எட்டு, சின்னவனுக்கு மூன்று. மூத்தவள் அமைதியானவள். இரண்டாமவள் தகப்பனை அப்படியே உரித்துவைத்தவள். சோறு தின்னும்போதும் ஒரு கால் வாசலில் நிற்கும்.

அந்த வருஷம் யேசு பாலன் பிறக்கும் நத்தாருக்கு ஒரு மாதம் இருக்கையில் பங்குச் சுவாமி பூசை முடிய என்னைக் கூப்பிட்டார். கோயிலின் பீடத்துக்குப் புது விரிப்புத் தைக்கவேண்டும், நாலு பக்கமும் ரேந்தை வைக்கவேண்டும், அதோடு ஊர்ப் பெட்டைகளுக்கும் அந்தக் கையைப் பழக்கிவிட்டால் நல்லது என்றார்.

"சுவாமி, எனக்கு வீட்டில மூண்டு பிள்ளையள்" என்றேன்.

"தகப்பன் வீட்டிலதானே நிக்கிறார்? அவர் பாக்கட்டும்" என்றார் சுவாமி.

நான் யோசிப்பதுபோல் நின்றேன். உண்மையில் யோசிக்கவேயில்லை. ஆண்டவருக்குச் செய்கிற வேலை என்று எல்லாரிடமும் சொன்னேன், கணவரிடமும் சொன்னேன். ஆனால் அடுத்த நாள் மத்தியானம் குடையை விரித்துக்கொண்டு வேலிப் படலையைத் தாண்டியபோது என் கால் போன வேகத்தைப் பார்த்திருந்தால் ஆண்டவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூட அறையில் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். அதில் நாலைந்து பேர் கல்யாணமானவர்கள். ஊசி பிடிக்கப் பழக்குவதற்கே ஒரு கிழமை போனது. விரிப்பை நாலு பங்காக்கி ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பேருக்குக் கொடுத்தேன். மழை கூரையில் விழும் சத்தத்துக்கு மேலால் நத்தார் பாட்டுப் பாடிப் பழகினோம். வீட்டுக்குத் திரும்பும்போது என் முகம் வேறாக இருந்ததாக மூத்தவள் பின்னாளில் சொன்னாள்.

வீட்டில் அவர் பிள்ளைகளோடு என்ன செய்தார் என்பது எனக்கு மிச்சத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஒரு நாள் கூரை வளையில் வலைக்கயிற்றால் ஊஞ்சல் தொங்கியது. ஒரு நாள் சின்னவனுக்கு முடிச்சுப் போடப் பழக்கி, அவன் கதிரைக் கால்களையெல்லாம் ஒன்றோடொன்று கட்டிவைத்திருந்தான். ஒரு நாள் இரண்டாமவளுக்குத் தென்னம்பாளையில் வள்ளம் செய்து கொடுத்திருந்தார். அதன் பாயை உற்றுப் பார்த்தேன். என் தலையணை உறை.

"நல்ல துணியா இருந்தது, அதுதான்" என்றார்.

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. பிள்ளைகள் அவரைச் சுற்றியே நின்றார்கள். அந்த மாரி அவர் குசினியைத் தொடவில்லை.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. எட்டு நாள் விடவேயில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு களப்பு இருக்கிறது. காட்டிலிருந்தும் குளங்களிலிருந்தும் வருகிற வெள்ளமெல்லாம் அதில்தான் வந்து சேரும். களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் மேடு கிடக்கும். கோடையில் அதன்மேல் நடந்தே அக்கரைக்குப் போகலாம். மாரியில் களப்பு நிரம்பினால் தண்ணீர் இந்தப் பக்கம் எங்கள் வீடுகளுக்குள்ளும் அந்தப் பக்கம் கமக்காரரின் வயல்களுக்குள்ளும் ஏறும். அப்போது இரண்டு கரை ஆட்களும் சேர்ந்து மணல் மேட்டை வெட்டி, வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். முகத்துவாரம் வெட்டுவது என்போம்.

அந்த வருஷம் தண்ணீர் எங்கள் வளவின் வேலி வரைக்கும் வந்துவிட்டது. அக்கரையில் குளத்தின் கீழ் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்களின் நெல்லு கழுத்துவரை அமிழ்ந்துவிட்டது என்று கதை வந்தது. வெட்டுவதென்று முடிவானது. என் கணவரின் முகத்தைப் பார்க்கவேண்டும்! நத்தார் ஒரு கிழமைக்கு முந்தியே வந்ததுபோல் இருந்தது. விடிய முன்னம் மண்வெட்டியோடு புறப்பட்டுவிட்டார்.

"பிள்ளையளை அங்க கூட்டிக்கொண்டு போகாதேங்கோ" என்று வாசலில் நின்று சொன்னேன்.

"ஓம், ஓம்" என்றார்.

மத்தியானம் மூத்தவளிடம் வீட்டை விட்டுவிட்டு ரேந்தைக்குப் போனேன். நத்தாருக்கு ஆறு நாள்தான். விரிப்பின் ஒரு பக்கம் இன்னும் தொடங்கவேயில்லை. பெட்டைகளை நெருக்கிப் பிடித்து, தேத்தண்ணிக்கும் விடாமல் வேலை வாங்கினேன். நாலு மணி போல வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்திக் கிடந்தது. உள்ளே ஒருவருமில்லை.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உங்கட மனுசன் சாப்பிட வந்தவர் எல்லே, போகேக்க மூண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போனவர். முகத்துவாரம் உடைக்கிறதைக் காட்டவாம்."

குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். மணல் மேட்டுக்கு ஒரு மைல் இருக்கும். பாதி வழியிலேயே சத்தம் கேட்டது. கடலின் சத்தம் எனக்குப் பழக்கம், இது அதில்லை. லொறி ஒன்று ஏற்றத்தில் நின்று உறுமுவதுபோல விடாமல் கேட்டது. முகத்துவாரம் உடைந்துவிட்டது.

கூட்டத்துக்கு இங்கால் மூத்தவள் நின்றாள். சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் அக்கரையைக் கையால் காட்டினாள்.

காலையிலிருந்து வெட்டிய வாய்க்கால் நாலு அடி அகலம்தானாம். களப்புப் பக்கம் கொஞ்ச மண்ணை விட்டு வைத்திருந்தார்கள், கடைசியில் அதை உடைப்பதற்காக. அதுவரை பிள்ளைகள் வாய்க்காலுக்கு மேலால் இங்கும் அங்கும் பாய்ந்து விளையாடியிருக்கிறார்கள். உடைக்கப்போகிறோம் என்று கத்தியதும் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் தங்கள் தங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டாமவள் மட்டும் நல்லாகப் பார்க்கவேண்டுமென்று அக்கரையில் ஏறி நின்றிருக்கிறாள். தண்ணீர் பாயத் தொடங்கியபின்தான் இவர் அவளைக் கண்டார். இவர் கையை நீட்ட, அவளும் பாய ஒரு காலை எடுக்க, அவள் நின்ற மணல் கழன்று விழுந்ததாம். அக்கரையில் நின்ற ஒரு கமக்காரர் அவளைச் சட்டையில் பிடித்து இழுத்துப் பின்னால் எடுத்துவிட்டார். அரை மணித்தியாலத்துக்குள் நாலு அடி நூற்றிருபது அடி ஆகிவிட்டது.

நான் போனபோது அந்த நூற்றிருபது அடிக்கு அப்பால் என் பிள்ளை நின்றாள். ஈரச் சட்டையோடு, ஒரு அறியாத மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு. நடுவே மண்ணிற வெள்ளம் மரக்கொப்புகளையும் இழுத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாக இடிந்து விழுந்துகொண்டே இருந்தது. நான் கூப்பிட்டேன். அவள் வாயும் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

என் கணவரை மூன்று பேர் பிடித்து வைத்திருந்தார்கள். நீந்தப் போகிறேன் என்று நின்றாராம். என்னைக் கண்டதும் திமிறுவதை நிறுத்தினார்.

"விடச் சொல்லு. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் என்னிடம்.

அந்தக் கணத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். போங்கோ என்று சொல்ல என் வாய் துடித்தது. அவர் நல்ல நீச்சல்காரர். ஆனால் கொப்போடு வந்த ஒரு பெரிய மரம் அப்போது எங்கள் முன்னால் சுழன்று, உள்ளே அமிழ்ந்து, கடல் வாயில்தான் திரும்ப எழும்பியது.

"பிடிச்ச பிடியை விடாதேங்கோ அண்ணை" என்றேன் அவரைப் பிடித்திருந்தவர்களிடம்.

அக்கரை மனிதர் எங்களைப் பார்த்துத் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். பிறகு காட்டுப் பக்கம் கையை நீட்டினார். பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார் என்று விளங்கியது. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

சுற்றிப் போகலாமா என்று கேட்டோம். சுற்றிப் போவதென்றால் நெடுங்கேணிப் பக்கம் போய்க் காட்டுப் பாதையால் இறங்கவேண்டும். ரோட்டை வெள்ளம் அறுத்து மூன்று நாளாக பஸ் இல்லை. களப்பு வற்றி இழுவை குறையும்வரை பொறுக்கத்தான் வேண்டும் என்றார்கள். இரண்டு நாளோ நாலு நாளோ.

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது சண்டை.

"கூட்டிக்கொண்டு போகாதேங்கோ எண்டு சொன்னனான்தானே?"

"நீ வீட்டில நிண்டிருந்தால் நான் ஏன் கூட்டிக்கொண்டு போறன்?"

அவர் சொன்னது அந்த ஒன்றுதான். அதற்குப்பின் இரண்டு நாள் அவர் கதைக்கவில்லை. நான் அதுவரை கண்டிராத ஒன்றைக் கண்டேன். அவர் கதிரையில் இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை. தேத்தண்ணி கேட்கவில்லை, கடலைப் பார்க்கப் போகவில்லை. சின்னவன் கயிற்றைக் கொண்டுவந்து மடியில் போட்டான், அதையும் பார்க்கவில்லை. நடந்தது நான். விடிய எழும்பி முகத்துவாரத்துக்கு நடப்பேன், திரும்பி வந்து பிள்ளைகளுக்கு எதையாவது கொடுத்துவிட்டு மறுபடி நடப்பேன். ஊசியைக் கையில் எடுத்தேன், நூலை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, வைத்துவிட்டேன். ஊர்ப் பெண்கள் ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் போகும்போது ஒருத்தி மற்றவளிடம், "தாய் வீட்டில நிண்டிருந்தால் இது நடக்குமோ" என்றது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரிக் கதவைச் சாத்தினேன்.

முதல் நாள் காலையில் அந்த மனிதர் பிள்ளையை சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு அக்கரைக்கு வந்தார். அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். நானும் சால்வையைக் கழற்றி ஆட்டினேன். பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் வரவில்லை. மழை திரும்பவும் அடித்தது. காலையில் போய் நின்றேன், மத்தியானம் நின்றேன், பொழுதுபடும்வரை நின்றேன். ஒருவருமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலோ? பாம்பு ஏதும் தீண்டிவிட்டதோ? அந்த மனிதர் யார், எப்படிப்பட்டவர், அவர் பேரே எங்களுக்குத் தெரியாதே? சுவாமி குடையோடு என்னைத் தேடி அங்கேயே வந்துவிட்டார்.

"மழைக்குப் பிள்ளையை ஏன் கொண்டு வருவான் எண்டு நிண்டிருப்பார் மகள். நல்ல மனுசர் போலதான் கிடக்கு."

"சுவாமி, நான் ரேந்தைக்கு ஆண்டவருக்காக வரேல்லை" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ. "வீட்டில இருக்கேலாமல்தான் வந்தனான்."

சுவாமி குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். "எனக்கு அது தெரியும்" என்றார். "நல்ல ரேந்தைதானே வந்தது? வீட்டை போய் ஈரத்தை மாத்தும்."

மூன்றாம் நாள் மழை விட்டது. அவள் அந்த மனிதரின் தோளில் இருந்து வந்தாள். எங்களுடையதில்லாத ஒரு சிவப்புச் சட்டை. அன்றைக்கு என் கணவரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். பிள்ளையைக் கண்டதும் அவர் மணலில் குந்தினார். பிறகு எழும்பித் தண்ணீரைப் பார்த்தார். தொழிலாளி பார்க்கிற பார்வை. இழுவை பாதியாகிவிட்டது, நாளைக்குக் களப்பின் உள்பக்கத்தால் சின்ன வள்ளத்தில் போகலாம் என்றார். சண்டைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் சொல்.

நாலாம் நாள் வள்ளத்தில் கயிற்றைக் கட்டி, இக்கரையில் ஆறு பேர் அதைப் பிடித்துக்கொள்ள, அவரும் இன்னொருவரும் தடி ஊன்றிப் போனார்கள். போனது எவ்வளவு நேரமென்று தெரியாது. நான் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது மணி என்பது மறந்து மறந்து போனது. திரும்பி வரும்போது வள்ளத்தின் நடுவில் சிவப்புச் சட்டை தெரிந்தது. மடியில் ஒரு மண் முட்டி.

அவளைத் தூக்கி அணைத்தேன். "அம்மா, முட்டி, முட்டி! தயிர் கொட்டப்போகுது" என்று கத்தினாள்.

வீடு வரும்வரை வாய் ஓயவில்லை. அங்கே ஐந்து எருமை நிற்கிறதாம், ஒன்றின்மேல் ஏறினாளாம். அவர்கள் மார்கழியில் மீன் தின்பதில்லையாம், பூசணிக்காய்தானாம், ஆனால் நெய் விடுவார்களாம். அவர்களுடைய மகளும் இவள் வயதுதானாம், சட்டை அவளுடையதாம்.

"அம்மாவை நினைச்சியோ?" என்று மூத்தவள் கேட்டாள்.

"இல்லையே. நேரமில்லை" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே ஒரு இடம் குத்தியது என்பதை ஏன் மறைக்கவேண்டும்?

விரிப்பின் நாலாவது பக்கத்தை என் பெட்டைகள் நான் இல்லாமலே முடித்திருந்தார்கள். கண் அளவு கொஞ்சம் பிசகி, அந்தப் பக்க ரேந்தை மட்டும் ஒரு விரல் அகலம் கூட. நத்தாருக்கு அப்படியே விரித்தோம். பாலன் கூட்டுக்குப் பக்கத்தில் நின்ற என் கணவர், "இந்தப் பக்கம்தான் வடிவு" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். ஆண்டுப் பிறப்பு முடிந்து வகுப்பைத் திரும்பத் தொடங்கலாமா என்று பெட்டைகள் வந்து கேட்டபோது நான் அவரைப் பார்த்தேன். "போவன். நான் நிக்கிறன்தானே" என்றார். ஊரில் கதைத்தவர்கள் கதைக்கட்டும் என்று போனேன்.

தைப்பொங்கலுக்கு அந்தக் கமக்காரர் எங்கள் எல்லாரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். இவர் கருவாடு கொண்டுபோவோம் என்றார். பொங்கல் வீட்டுக்குக் கருவாடா என்று பேசி, பயத்தம் பணியாரமும் ரேந்தை வைத்த ஒரு மேசை விரிப்பும் எடுத்தேன். களப்பைக் கடந்து இரண்டு மைல் நடந்தோம். முற்றத்தில் கோலம் போட்டு, பால் பொங்கி முடிந்திருந்தது. எங்களுக்குக் கதிரை போட்டார்கள். அவர்கள் குடிக்கிற பேணியிலேயே எங்களுக்கும் தேத்தண்ணி வந்தது. சாதி பார்த்து வேறு பேணி கொடுக்கிற அந்தக் காலத்தில் அதை நாங்கள் கவனிக்காமல் இருக்கமாட்டோம். என் கணவரும் கவனித்தார்.

அந்த வீட்டுக்காரி என் வயதுக்காரி. பொங்கல் போட வாழையிலை நறுக்க என்னைக் குசினிக்குள் கூப்பிட்டா. பிள்ளைகள் எருமைப் பட்டிக்கு ஓடிவிட்டிருந்தார்கள்.

"உங்கட பிள்ளை வந்த அடுத்தநாள் விடிய குளிக்க வார்த்து, பழக்கத்தில திருநீறு பூசிப்போட்டன் அக்கா" என்றா. "பிறகுதான் வேதக்காரப் பிள்ளை எண்டு நினைவு வந்தது. துடைச்சு விட்டனான். குறை நினைக்காதேங்கோ."

"அதில என்ன" என்றேன்.

"பிள்ளை சுகமாப் போய்ச் சேரவேணும் எண்டு வற்றாப்பளை அம்மனுக்கும் நேந்தனான்."

கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டேன். அவ இலையை நறுக்குவதை நிறுத்தினா. வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தா.

"ஒண்டு சொல்லவேணும். சொல்லமாட்டன் எண்டு பிள்ளைக்குச் சத்தியம் பண்ணினனான், ஆனாலும் நீங்கள் தாய். மழை பெய்த அண்டைக்கு, கரைக்குப் போகேலாது எண்டு இவர் சொல்லிப்போட்டார். பிறகு பார்த்தால் பிள்ளையைக் காணேல்லை. தேடினால் மாட்டுக் கொட்டிலுக்கை, வைக்கலுக்குப் பின்னால இருந்து அழுகிறா. சத்தம் வராமல், வாயில சட்டையைக் கடிச்சுக்கொண்டு. நான் தூக்கப் போக, 'அம்மாட்டச் சொல்லாதேங்கோ, அம்மா அழுவா' எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவா."

பட்டிப் பக்கம் பிள்ளைகளின் சிரிப்புக் கேட்டது. என் பிள்ளையின் குரல்தான் எல்லாவற்றிலும் உரத்து. நான் இலையை எடுத்து நறுக்கினேன். நறுக்கின இலையைத் திரும்பவும் நறுக்கிவிட்டேன்.

மகளிடம் நான் இதைக் கேட்கவேயில்லை. இன்றுவரைக்கும் இல்லை. அடுத்த நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"மாட்டுக் கொட்டிலுக்கையோ?" என்று கேட்டார்.

"ஓம்."

அவர் எழும்பி வெளியே போனார்.

மத்தியானம் பிள்ளைகள் வந்தபின் எல்லாரும் சாப்பிட இருந்தோம். அன்றைக்கு ஓட்டி மீன் குழம்பு, களப்பில் பிடித்தது. அவர் தன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாமவளின் கோப்பையை இழுத்தார். அவளுடைய மீனை உடைத்து ஒவ்வொரு முள்ளாக எடுக்கத் தொடங்கினார்.

"எனக்கு முள்ளு எடுக்கத் தெரியும் அப்பா" என்றாள் அவள், கோபமாக.

"தெரியும் தெரியும்" என்றார் அவர். எடுத்துக்கொண்டே இருந்தார்.